பறையை அமுக்காத பெட்டி வேண்டும்

ஏப்ரல் 14, டிசம்பர் 6. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதிக் காலனிகளில் மேடை போடும் நாட்கள் என்றால் இந்த இரண்டும்தான் முதலில் நினைவுக்கு வரும். பென்னலூரிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் பகலில் ஒரு ஷிப்டு, இரவில் ஒரு ஷிப்டு என்று கம்பெனி வேலைக்குப் போகும் இளைஞர்கள்தான் இந்த மேடைகளுக்குக் காசு போடுகிறார்கள். கொடி கட்டுவதும் அவர்கள்தான், வாசிப்பதும் அவர்கள்தான்.

முன்பெல்லாம் பறையும் ஒரு மைக்கும் இருந்தால் போதும். இப்போது அந்த மேடையில் கீபோர்டு வந்துவிட்டது, டிரம்ஸ் வந்துவிட்டது, பேஸ் கிட்டாரும் வந்துகொண்டிருக்கிறது. கிட்டார் கற்ற பிள்ளைகளில் பலர் தேவாலயப் பாடகர் குழுவில் கற்றவர்கள். பேண்டு செட் குடும்பங்களில் வளர்ந்தவர்களும் உண்டு. வாசிக்க ஆள் இருக்கிறது, கிட்டாரும் இருக்கிறது. அடுத்த கேள்வி, அந்தச் சத்தம் எதிலிருந்து வெளியே வரப்போகிறது என்பது. தீபாவளி போனஸிலும் சீட்டுப் பணத்திலும் சேர்த்த தொகையை எந்த ஸ்பீக்கர் பெட்டியில் போடுவது என்று கேட்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. பெட்டி தவறினால் பணம் மட்டும் வீணாவதில்லை. மேடையில் நம் பறையும் நம் சொல்லும் அமுங்கிப்போகும்.

2018 காட்டிய வழி

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். கானா, ராப், பறை, சட்டி, கட்டமோளம், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ஒரே மேடையில் ஒலித்தன. இடஒதுக்கீடும் மாட்டுக்கறியும் மலக்குழி மரணமும் பாட்டுக்குப் பொருளாயின. 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' அதை இன்னும் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுபோனது.

அந்த மேடைகளைப் பார்த்த பிறகுதான் பல ஊர்களில் பறையோடு கிட்டாரையும் சேர்க்கும் ஆசை வந்தது. ஆனால், பெரிய அரங்கில் ஒலியமைப்புக்கென்று பயிற்சி பெற்ற ஆட்கள் இருப்பார்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனி மைக், தனி அளவு. நம் தெரு மேடையில் இருப்பது வாடகை சவுண்டு செட். அங்கே வேலை வேறு, கணக்கும் வேறு.

அடியோசை என்பது என்ன?

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை ஈ சுருதிக்குக் கூட்டுவார்கள். அது ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். ஐந்து தந்தி கிட்டார் என்றால் இன்னும் கீழே இறங்கி 31 ஹெர்ட்ஸ் வரை போகும். செல்போன் ஸ்பீக்கரிலோ டீக்கடை டி.வி.யிலோ இந்த ஓசை நேராகக் கேட்காது. இளையராஜா பாட்டுகளை நல்ல ஸ்பீக்கரில் கேட்டவர்களுக்குத் தெரியும், பாட்டுக்கு அடியில் தனியாக இன்னொரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் பேஸ் கிட்டார்.

இவ்வளவு தாழ்ந்த ஓசையைக் காற்றில் தள்ள ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அதிக தூரம் நகர வேண்டும். சாதாரண கிட்டார் ஆம்ப்பில் பேஸைச் செருகினால் கூம்பு கிழியும், காயில் கருகும். அதனால்தான் பேஸுக்குத் தனிப் பெட்டி. 1951-இல் ஃபெண்டர் நிறுவனம் பிரிசிஷன் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கென்றே 'பேஸ்மேன்' என்ற ஆம்ப்பையும் அடுத்த ஆண்டே கொண்டுவர வேண்டியிருந்தது.

சவுண்டு செட்காரர்கள் 'பேஸ் பெட்டி' என்று சொல்வது 18 அங்குல சப்-வூஃபரை. அது மொத்த மேடைக்கும் அடியோசை கொடுப்பது. நாம் பேசுவது பேஸ் கிட்டார்காரருக்குப் பின்னால் நிற்கும் கேபினட்டைப் பற்றி. இரண்டையும் குழப்பிக்கொண்டு 18 அங்குலப் பெட்டியை வாங்கி வந்தால், அடியில் அதிர்வு மட்டும் இருக்கும். எந்த ஸ்வரம் வாசிக்கப்படுகிறது என்பது யாருக்கும் தெரியாது.

10, 12, 15: எந்த அங்குலம்?

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று அளவுகள். 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டோ நான்கோ வைத்த பெட்டி. 12 அங்குலம் ஒன்றோ இரண்டோ வைத்த பெட்டி. 15 அங்குலம் ஒன்று வைத்த பெட்டி. 15 என்றால் கனமான சத்தம், 10 என்றால் சுருக்கென்ற சத்தம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இது பாதி உண்மை. பெட்டியின் கொள்ளளவு, முன்பக்கத் துளை, உள்ளே இருக்கும் ஸ்பீக்கரின் தரம் ஆகியவைதான் ஓசையை முடிவு செய்கின்றன. நன்றாகச் செய்த இரண்டு 10 அங்குலப் பெட்டி, மோசமாகச் செய்த 15 அங்குலப் பெட்டியை விட ஆழமாகவே ஒலிக்கும்.

இன்னொரு விதியும் உண்டு. பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், அடியோசை ஆழமாக வேண்டும், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம் வேண்டும் என்று மூன்றையும் ஒரே பெட்டியில் கேட்க முடியாது. இரண்டு கிடைத்தால் மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். விற்பவர் மூன்றும் உண்டு என்று சொன்னால் அந்த இடத்தில் ஒரு கணம் நில்லுங்கள்.

வெளிநாட்டு ராக் மேடைகளில் ஆளுயரத்துக்கு நிற்கும் எட்டு 10 அங்குலப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஆம்பெக் நிறுவனம் 1969-இல் கொண்டுவந்த வகை அது. எடை 60 கிலோவைத் தாண்டும். படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். குட்டியானை வண்டியில் ஏற்றி, காலனிச் சந்தில் இறக்கி, மேடைக்குத் தூக்க நான்கு பேர் வேண்டும். அந்த நான்கு பேரும் அன்று நைட் ஷிப்டில் இருந்தால்?

நியோடிமியம் காந்தம் வைத்த ஸ்பீக்கர்கள் எடை குறைந்தவை. இரண்டு 10 அங்குலப் பெட்டி 15 முதல் 20 கிலோவுக்குள் கிடைக்கிறது. பழைய ஃபெரைட் காந்தம் என்றால் எடை கூடும், விலை குறையும். தூக்க ஆள் இருக்கிறார்களா, கையில் காசு இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்கலாம்.

வாட் மட்டும் பார்க்கக் கூடாது

பெட்டியின் மேல் '500 வாட்' என்று எழுதியிருந்தால் அது சத்தத்தின் அளவல்ல. அந்தப் பெட்டி தாங்கும் மின்சாரத்தின் அளவு. சத்தத்தைச் சொல்வது 'சென்சிடிவிட்டி' என்ற எண். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அது.

ஒரு கணக்கு: வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும்; அதற்கு வாட் பத்து மடங்கு வேண்டும். 94 டெசிபல் பெட்டி ஒன்று, 100 டெசிபல் பெட்டி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டிக்கு 400 வாட் கொடுத்தால் வரும் சத்தம், இரண்டாவது பெட்டிக்கு 100 வாட் கொடுத்தாலே வந்துவிடும். ஆக, பெரிய ஆம்ப்புக்குப் போகும் பணத்தை நல்ல பெட்டியில் போடுவது லாபம்.

ஆம்ப்பில் உள்ள 'பேஸ்' குமிழை முழுக்கத் திருப்புவதும் இதே கணக்கில்தான் அடிபடுகிறது. அடியோசையை 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் அங்கே நான்கு மடங்கு உழைக்கிறது. கூம்பு தன் எல்லையைத் தாண்டி 'பர்ர்' என்று கத்தும். பேஸ் கேட்கவில்லை என்றால் முதலில் 'மிட்' குமிழைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். ஸ்வரம் தெளிவாக வெளியே வரும்.

ஓம் கணக்கில் கவனம்

பெட்டியின் பின்பக்கம் 8 ஓம் அல்லது 4 ஓம் என்று இருக்கும். ஆம்ப்பில் 'குறைந்தபட்சம் 4 ஓம்' என்றிருந்தால் 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகச் சேர்க்கலாம்; மொத்தம் 4 ஓம் ஆகும். 4 ஓம் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். ஆம்ப் சூடாகி நின்றுவிடும், அல்லது எரிந்துவிடும். அதனால் முதல் பெட்டியை 8 ஓமில் வாங்குவது நல்லது. அடுத்த ஆண்டு காசு சேர்ந்தால் அதே வகை இன்னொன்றை வாங்கி மேலே அடுக்கலாம். பக்கவாட்டில் வைக்க வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால் ஓசை மேடை முழுக்கச் சீராகப் பரவும். மேல் பெட்டி வாசிப்பவரின் காதுக்கும் நெருங்கும்.

ஆம்ப்பிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒயர் தடித்த ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். கிட்டாரில் செருகும் மெல்லிய கேபிள் வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அந்த மின்சாரத்தைத் தாங்காது. திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் சாக்கெட் உள்ள பெட்டி என்றால் ஆட்டத்தில் கால் பட்டாலும் கழன்று வராது.

பறைக்குப் பக்கத்தில்

இனிதான் நம் மேடைக்கே உரிய விஷயம். எட்டுப் பேர் நின்று பறை அடித்தால் மைக்கே தேவையில்லை. சுண்டுக்குச்சியின் 'ஜல்' என்ற ஓசை தெருக்கோடி வரை போகும். ஆனால் அடிக்குச்சியின் கனமான ஓசைக்குப் பக்கத்திலேயே பேஸ் கிட்டாரும் உட்காருகிறது. பேஸை ஏற்றிவிட்டால் முதலில் காணாமல் போவது பறையின் அடிதான். கேட்பவர்களுக்குச் சுண்டுக்குச்சியின் சலசலப்பு மட்டும் மிஞ்சும்.

அடியோசையைத் திசை பார்த்து அனுப்ப முடியாது. 41 ஹெர்ட்ஸ் ஓசையின் ஒரு அலை 8 மீட்டருக்கு மேல் நீளம். பெட்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது சுற்றி வளைந்து எல்லாப் பக்கமும் போகும். பறைக்கு வைத்த மைக்கிலும் ஏறும். இழுத்துக் கட்டிய தோலும் அந்த அதிர்வுக்குத் தானாகவே அதிரத் தொடங்கும். எனவே பறை நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில், டிரம்ஸை ஒட்டிப் பேஸ் பெட்டியை வையுங்கள். பறை மைக்கில் அடி அளவை முழுக்க வெட்டிவிடாமல், பேஸின் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். சவுண்டு செட்காரர் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்வார். பக்கத்தில் நின்று கேட்டு வாங்க வேண்டும்.

இதில் வெறும் ஒலிக் கணக்கு மட்டும் இல்லை. சாவுக்கு அடிக்கும் தொழிலாக நம் மேல் சுமத்தப்பட்ட கருவியை, 'இனி இழவுக்கு அடிக்க மாட்டோம்' என்று ஊர் ஊராக மறுத்து, பிறகு விடுதலையின் கருவியாகத் திரும்பக் கையில் எடுத்த வரலாறு நமக்கு உண்டு. 2025-இல் மதுரைப் பறை ஆசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அப்படி மீட்ட பறை, நாமே காசு கொடுத்து வாங்கிய பெட்டியின் சத்தத்தில் அமுங்கக் கூடாது.

பறையைத் தீயில் காய்ச்சும் இடத்துக்கும் பெட்டிக்கும் தூரம் இருக்கட்டும். தோலுக்கு வெப்பம் வேண்டும். காகிதக் கூம்புக்கும் பிளைவுட்டுக்கும் பொறி ஆகாது. டிசம்பர் 6 வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. மழைத் துளியும் பனியும் கூம்பை ஊறவைக்கும். பெட்டியோடு ரெக்சின் உறை ஒன்றையும் தைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் வெயிலில் ஆம்ப் சூடாகி நிற்காமல் இருக்க நிழலும் காற்றும் வேண்டும்.

மேடைக்குச் சின்னது, கூட்டத்துக்கு சவுண்டு செட்

கடைக்குள் வாசித்துப் பார்க்கும்போது சுவரும் தரையும் அடியோசையை ஏற்றிக் காட்டும். திறந்த தெருவில் அந்த உதவி இல்லை. கடையில் அதிர்ந்த பெட்டி மைதானத்தில் சுண்டிப்போனதாகத் தோன்றும். அதற்காகப் பெரிய பெட்டிக்கு ஓட வேண்டாம். ஆம்ப்பில் டி.ஐ. அவுட் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து ஒரு எக்ஸ்.எல்.ஆர். கேபிள் மிக்சருக்குப் போனால், கூட்டத்துக்கான பேஸை வாடகை சப்-வூஃபர் பார்த்துக்கொள்ளும். நம் பெட்டியின் வேலை, வாசிப்பவருக்கும் டிரம்ஸ்காரருக்கும் பறைக்காரருக்கும் கேட்பது மட்டும். அதற்கு 300 முதல் 500 வாட் ஆம்ப்பும் இரண்டு 10 அல்லது ஒரு நல்ல 12 அங்குலப் பெட்டியும் போதும்.

பத்து மணியும் பக்கத்துத் தெருவும்

ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு உண்டு. எல்லார்க்கும் ஒரே சட்டம்தான். ஆனால் எந்த மேடை முதலில் நிறுத்தப்படும் என்பது நம் மக்களுக்குத் தெரியாததல்ல. அனுமதிக் கடிதத்தின் நகல் மேடையிலேயே இருக்கட்டும்.

பேஸில் ஒரு சிக்கல் உண்டு. சட்டம் சொல்லும் டெசிபல் மனிதக் காதின் இயல்புக்கு ஏற்பத் திருத்திய அளவு. அது அடியோசையைக் குறைத்தே கணக்கிடும். மீட்டரில் எண் சரியாக இருந்தாலும் நான்கு வீடு தள்ளி ஜன்னல் கண்ணாடி அதிரும். அங்கே நைட் ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குகிறவரும் நம் தெருக்காரர்தான். பயிற்சிக்குப் பெட்டியே வேண்டாம். ஹெட்போன் போடும் வசதியுள்ள சின்ன ஆம்ப் போதும். பெட்டியை நேராகத் தரையில் வைக்காமல் ஸ்டூலிலோ தடித்த பஞ்சு மெத்தையிலோ வைத்தால் தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும்.

மின்சாரத்திலும் கவனம் தேவை. கம்பத்தில் கொக்கி போடுவது சட்டவிரோதம் என்பதோடு உயிருக்கே ஆபத்து. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள், அல்லது ஜெனரேட்டர் வையுங்கள். எர்த் சரியில்லாத இடத்தில் கிட்டார்காரர் மைக்கில் வாய் வைத்தால் ஷாக் அடிக்கும். நிகழ்ச்சிக்கு முன் எலக்ட்ரீசியன் ஒருவர் சோதித்துவிடுவது நல்லது.

வாங்கும் முன்

சென்னையில் அண்ணா சாலை இசைக்கருவிக் கடைகளிலும் ரிச்சி தெருவிலும் ஒரு நாள் முழுக்க ஏறி இறங்குங்கள். சொந்தக் கிட்டாரையே எடுத்துப் போங்கள். தடித்த தந்தியைத் திறந்து வாசித்து, மெல்லச் சத்தத்தை ஏற்றி, ஐந்தாறு அடி தள்ளி நின்று கேளுங்கள். ஸ்வரம் ஸ்வரமாக வருகிறதா, பலகை கடகடக்கிறதா என்று பாருங்கள்.

பழைய பெட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். கூம்பை இரண்டு பக்கமும் விரலால் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் போய்விட்டது. ஓரத்து மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். மல்டிமீட்டரில் ஒற்றை 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் அளவில் காட்டினால் சரி. எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. பில் இல்லாத பொருளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று புகார் வந்தால் விசாரணை நம் தெருவுக்குத்தான் முதலில் வரும்.

பெட்டி யாருடையது?

பொதுப் பணத்தில் வாங்கிய பெட்டி ஒருவர் வீட்டில் இருக்கும், பிறகு அவருடையதாகவே ஆகிவிடும். சங்கங்கள் உடைவது இப்படித்தான். பில்லைச் சங்கத்தின் பெயரில் போடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார், யார் எடுத்துப் போனார், எப்போது திரும்பியது என்று ஒரு நோட்டு இருக்கட்டும். நிகழ்ச்சி இல்லாத நாட்களில் வாடகைக்கு விட்டால் கேபிள் செலவாவது தேறும்.

இதையே தொழிலாக, சவுண்டு சர்வீசாக நடத்த நினைப்பவர்கள் தாட்கோவையும் மாவட்டத் தொழில் மையத்தையும் அணுகலாம். 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத முதலீட்டு மானியம் உண்டு. பறைக் கலைஞர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

மேடையில் ஒலியை யார் கையாள்கிறாரோ, எந்தச் சொல் கேட்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்கிறார். அம்பேத்கர் பாட்டில் சொல்தான் முதல், பறை அடுத்து, மற்றதெல்லாம் அவற்றுக்குத் துணை. நம் பிள்ளைகளில் ஒருவர் மிக்சர் கற்றுக்கொண்டால், வாங்கும் பெட்டி சின்னதாக இருந்தாலும் மேடை நம் கையில் இருக்கும். பெட்டிக்குப் பணம் சேர்க்கும்போதே, அதற்கும் ஒருவரைத் தேர்ந்து அனுப்புங்கள்.